நிபுணர் வைத்த இரண்டாவது தலையணை

என்னங்க,

பதினோரு மணிக்கு வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எனக்கு லேபில் லீவு கிடைக்கவில்லை. நீங்கள் உங்கள் அக்கா வீட்டிலிருந்து வந்து கதவைத் திறக்கப் போவதற்கு நன்றி.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். "விற்கிற வீட்டை அலங்கரிக்கன்னே ஆள் இருக்காங்க" என்றீர்கள். "என் வீட்டை அழகுபடுத்த எனக்குத் தெரியாதா?" என்று நான் மல்லுக்கு நின்றேன். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போன பிறகு இந்த ஒரு மாதமும் நானே துடைத்தேன், நானே பூச்சாடி வைத்தேன். வந்தவர்கள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நேற்று அந்த நிபுணரை வரவழைத்தேன். சின்னப் பெண்தான். ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஒத்தை ஆள் வீடு மாதிரி இருக்கு. இதைப் பார்த்தா யாருக்கு வாங்கத் தோணும்?"

பிறகு கட்டிலில் இரண்டு தலையணை, மேஜையில் இரண்டு கப், வாசலில் உங்கள் பழைய செருப்பு என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீங்கள் குளியலறையில் இருப்பது போலவே இருந்தது. காலையில் என்னை அறியாமல் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டேன். உங்களுடையது பிளாஸ்கில் இருக்கிறது.

பி.கு.: தட்டில் இருக்கும் ஆப்பிள் பிளாஸ்டிக். கடித்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. அவர்கள் போனதும் கிளம்பிவிடாதீர்கள். ஆறு மணிக்கு வந்துவிடுவேன். இங்கே இரண்டு பேர் வாழ்கிறோம் என்று அவர்களை நம்பவைத்திருக்கிறோம். அது பொய்யாக வேண்டாம்.