தூக்கிவாரிப் போடும் வயது

அன்பு மனைவிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். வீடியோ அழைப்பில் என் உதட்டைப் பார்த்துப் பதறாதே, சின்ன வீக்கம்தான்.

என்னிடம் அசைவுப் பயிற்சிக்கு ஆறு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். சத்தம் கேட்டால் கைக்குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டு இரண்டு கையும் விரியுமே, சில மாதங்களில் மறைய வேண்டிய அந்தத் திடுக்கிடல் இவளுக்கு இன்னும் போகவில்லை. பள்ளி மணி அடித்தாலே அழுகைதான். போன வாரம் பக்கத்து அறையில் நாற்காலி விழுந்தபோது, அவள் முழங்கை என் வாயில் பட்டுவிட்டது.

மறுமுறை வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மறுபடியும் உங்கள அடிச்சிருவேன் சார்."

"அடிச்சது நீ இல்லம்மா, உன் கை. அதுக்கு இன்னும் விவரம் பத்தல. நாம சொல்லிக் கொடுப்போம்."

வராந்தாவிலேயே பாய் விரித்து நானும் படுத்தேன். மெல்லச் சுருண்டு, மெல்லக் கை விரித்தோம். பல மாதங்களாகச் செய்துவருவதுதான். அப்போது யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. திரும்பிப் பார்த்துவிட்டு, "கதவுதான் சார்" என்றாள்.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு, இரவில் நான் போர்த்திக்கொள்ள வேண்டும். குக்கர் விசிலுக்குப் பாப்பா கை விரிப்பதையும் வீடியோ எடுத்து அனுப்பு. நான் வருவதற்குள் அது மறைந்துவிடும். மறைவதுதான் நல்லது.

பயிற்சிக்கு அடுத்த குழந்தை வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்னவன்