பெட்டியின் மேல் அப்பா

அன்புள்ள அக்கா,

நீ விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனபின் இந்த வீட்டில் பேச்சே இல்லை. பள்ளியையும் விட்டுவிட்டதால் எனக்குப் பேச ஆளில்லை. அதனால்தான் நாம் பாதியில் விட்ட ஸ்பீக்கர் பெட்டியை நானே முடிக்க உட்கார்ந்தேன்.

மேல்பலகைக்குப் பசை தடவினேன். அது பிடிக்கும்வரை நீதான் ஏறி உட்காருவாய். என் கனம் போதவில்லை. ஓரத்தில் பலகை தூக்கிக்கொண்டே இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "தள்ளுடி, ஒட்டடைக்குச்சி" என்று தானே ஏறி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து, "அவ ஒழுங்கா சாப்பிடுறாளாமா?" என்றார்.

"நீங்களே போன் பண்ணிக் கேளுங்கப்பா" என்றேன்.

"பசை காயட்டும்."

அது எப்போதோ காய்ந்துவிட்டது, அக்கா. எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் தங்கை