ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஆட்டுக் கண்

ஜூன் 8, ஞாயிறு

உலக வரலாற்றில் எந்தச் சக்கரவர்த்தியும் தன் சொந்தக் குளிர்பெட்டி முன்னால் இப்படி அவமானப்பட்டதில்லை. மத்தியானம் வெயில் தாங்காமல் டுரியான் ஐஸ்கிரீம் டப்பாவைத் தேடினேன். டப்பா மேலே உறைபெட்டியில் இல்லை, கீழ்த்தட்டில் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் கண்கள். டப்பா நிறையக் கண்கள். ஜொகூர் மாநிலத்து ஆடுகள் அத்தனையும் ஒன்றுகூடி என்னை விசாரிக்கிற மாதிரி முறைத்தன.

நான் போட்ட கூச்சலுக்கு, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் அந்தப் பக்கம் சிங்கப்பூர்க்காரன் படுக்கையிலிருந்து விழுந்திருப்பான்.

லோஷினி அறையிலிருந்து நிதானமாக வந்தாள். குளுவாங்கில் இருக்கும் என் தங்கை ராசம்மாவின் மகள். டாக்டர். இப்போது கண் அறுவை படிக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் இந்த வருஷம் முழுக்க என் வீட்டில்தான் வாசம்.

"அலமாக், மாமா! அத ஏன் தொறந்தீங்க? பழகறதுக்கு வாங்கி வச்சிருக்கேன் லா."

"என்னத்தப் பழக?"

"கண்புரை எடுக்கறதுக்கு."

சொல்லிவிட்டு என் வலது கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் தொடைக்கறியைப் பார்த்து இது நாளைக்கு ஆகுமா என்று யோசிக்கிறவள் மாதிரி.

ஆடு முடிந்த பிறகு யார்?

ஜூன் 10, செவ்வாய்

உளவு பார்த்தேன். கண்டவை:

திராட்சைப் பழத்தின் தோலை மெல்லிய இடுக்கியால் வட்டமாக உரிக்கிறாள். உரித்ததைத் தின்பதில்லை. பல் விளக்குவது இடக்கையால்; கேட்டால், இரண்டு கையும் பழக வேண்டுமாம். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் சாப்பிடுவதும் இடக்கையால், அதுவும் குச்சியில். பாதி மீ என் மேசைத் துணிக்குப் போகிறது.

இன்னொன்று. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் வலது கால் சும்மா இருப்பதில்லை. அழுத்துகிறது, நிறுத்துகிறது, எடுக்கிறது. முப்பது வருஷம் இரு நாடுகளையும் இணைத்துத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய மாமன்னன் நான். பெடல் மிதிக்கும் கால் எது என்று எனக்குத் தெரியாதா?

"அந்த மெஷினுக்குப் பெடல் உண்டு மாமா. கொஞ்சம் அழுத்துனா தண்ணி போகும். இன்னும் அழுத்துனா உறிஞ்சும். அடி வரைக்கும் போனாத்தான் புரைய உடைக்கும்."

"பூ! இதுக்கா படிப்பு? என்னக் கூப்பிட்டிருந்தா நானே வந்து மிதிச்சிருப்பேனே."

"உங்க பஸ்ல பிரேக் இருந்துச்சு. இதுல கால எடுக்கறதுதான் பிரேக்."

வாயாடி. அவள் அம்மா மாதிரியே.

ஜூன் 14, சனி

காரில் போகும்போது திடீரென்று கேட்கிறாள்: "மாமா, அந்தப் பச்சப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

பலகை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "பெக்கான் நானாஸ்" என்று கம்பீரமாகச் சொன்னேன். ஜொகூரில் எந்தச் சாலையிலும் பாதிப் பலகைகளில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும் என்ற துணிச்சல்.

"அது பல் டாக்டர் விளம்பரம்."

எனக்கு வலக்கண் மங்கல்தான். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். தெருவிளக்கு ஒவ்வொன்றும் பூத்து விரிகிறது. வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரிகிறது. வெளியே சொன்னால் என்ன ஆகும்? டப்பாவில் ஓர் இடம் எனக்கும் ஒதுக்கப்படும்.

ஜூன் 15, ஞாயிறு

அவள் அறைச் சுவரில் கண் பரிசோதனைப் பலகை மாட்டியிருக்கிறது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கிட்டே போய் நின்று, கடைசி வரி வரை மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று என் ராஜதந்திரம் அரங்கேறியது. இடக்கண்ணை மூடச் சொல்லி, தூரத்தில் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னாள். கடகடவென்று கடைசி வரி வரை ஒப்பித்தேன். கழுகுகூட வெட்கப்பட்டிருக்கும்.

லோஷினி கைகட்டி நின்றாள்.

"ரொம்ப நல்லாருக்கு மாமா. நேத்தே பலகைய மாத்திட்டேன். இது எழுத்தே இல்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு உள்ளது. எல்லாம் படம்."

அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்: "முத்திப் போச்சு மாமா. எடுக்கணும்."

சந்தேகப்பட்டது சரிதான். திட்டம் போட்டுத்தான் இந்த வீட்டில் குடியேறியிருக்கிறாள்.

ஜூலை 2, புதன்

ஏதோ நடந்திருக்கிறது.

டப்பா காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். திராட்சை அப்படியே கிடந்து சுருங்குகிறது. மீயை வலக்கையால் சாப்பிட்டாள், கரண்டியில். நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கால்களும் மேலே. தரையில் பாம்பு இருக்கிற மாதிரி.

"ஆட்டுக் கண்ணு எங்க?"

"போதும் மாமா. பழகிட்டேன்."

பொய். நான் பொய்யின் பல்கலைக்கழகம். என்னிடமா?

ஜூலை 3, வியாழன்

இன்றும் சம்மணம்.

ஜூலை 5, சனி

ராசம்மாவைப் பார்க்கக் குளுவாங் போனோம். லோஷினி ஓட்டினாள், நான் பக்கத்தில். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை ஓடிக்கொண்டே இருந்தது. நான் வழக்கம்போல் கதை அளந்துகொண்டிருந்தேன். ஒருமுறை பாலத்தின் நடுவில் பிரேக் பிடிக்காமல் போய், என் பேருந்தைக் காலைத் தரையில் தேய்த்தே நிறுத்திய கதை. அவள் வழக்கமாகச் சிரிப்பாள்.

இன்று சிரிக்கவில்லை. "மாமா, நான் ஒருத்தரு கண்ணக் கிழிச்சிட்டேன்" என்றாள்.

பாதிதான் புரிந்தது. அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். புரை ஒரு பைக்குள் இருக்கிறதாம். பூண்டின் உள்தோலைவிட மெல்லிசான பை. புரையை உடைத்து உறிஞ்சிவிட்டுப் பையை மட்டும் முழுசாக விட வேண்டும். அதில்தான் புது லென்ஸ் உட்காரும். கடைசித் துண்டு போன நொடியில் காலை எடுத்திருக்க வேண்டும். இவள் எடுக்கவில்லை. பை கிழிந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த பெரிய டாக்டர் தயானந்தன் உடனே இடம் மாறி உட்கார்ந்து சமாளித்துவிட்டார். அந்த மலாய்க்காரப் பெரியவருக்குப் பார்வை வந்துகொண்டிருக்கிறது, ஆனால் மெதுவாக.

"மறுநாள் கட்டு பிரிக்கறப்ப நானே போய்ச் சொன்னேன், என் தப்புன்னு. அவரு 'தாக் அப்பா, நாக்'ன்னாரு. பரவால்லம்மான்னு. திட்டியிருக்கலாம் மாமா."

அதற்குப் பிறகு அவள் அறுவை செய்கிறவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. தன் முறை வந்தால் கூடப் படிக்கும் ஷர்மினிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள். தயானந்தன் ஆகஸ்ட் வரை பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் உட்காராவிட்டால் இந்தப் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது, காளியப்பா?

ஜூலை 9, புதன்

என் கண்ணுக்குத் தேதி வாங்கிவிட்டாள். செய்யப்போவது தயானந்தன்.

ஏன் அவர்? ஆட்டுக்குக் கொடுத்த மரியாதை மாமனுக்குக் கிடையாதா? ஒரு மாதமாக இவள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று ஓடினேன். இப்போது இவளே என்னை வேண்டாம் என்கிறாள். இது வேறு மாதிரி வலிக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கிளினிக். தயானந்தன் ஒல்லியான மனிதர், சத்தமே இல்லாமல் பேசுகிறார். சத்தமில்லாமல் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். என் கண்ணுக்குள் சூரியனையே இறக்கிப் பார்த்தார்.

லோஷினி ஒரு மூலையில் நின்றாள். நான் சபையைக் கூட்டி அறிவித்தேன்: "டாக்டர், என் கண்ண என் மருமகதான் செய்யணும். வேற யாரும் தொடக்கூடாது."

"சொந்தக்காரங்களுக்கு நாங்க கை வைக்கிறதில்ல, மிஸ்டர் காளியப்பன். கை நடுங்கும். எனக்கும் நடுங்கும்."

"எழுதிக் கொடுக்கறேன்."

"எழுதிக் கொடுத்தாலும் நடுங்கும்."

திரும்பும்போது காரில் லோஷினி: "நிஜமாவா கேட்டீங்க மாமா?"

"காளியப்பன் என்னிக்குப் பொய் சொன்னான்?"

அவள் அதற்குச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

ஜூலை 15, செவ்வாய்

நிஜமாகத்தான் கேட்டேனா? இல்லை, விடமாட்டார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேனா? ஊரையே சந்தேகப்படுகிறவன் தன்னையும் ஒருமுறை விசாரிக்க வேண்டாமா? விசாரித்தேன். கைதி நழுவிவிட்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று ஒரு கண்ணில் கட்டு, எழுதவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

அறுவை அறைக்கு வெளியே எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் பச்சைக் குல்லாய், எந்தக் கண் என்று தெரிய நெற்றியில் ஒட்டிய ஒரு வில்லை. சொட்டு மருந்து விட்டு விட்டுக் கண் எல்லாம் ஒரே மினுக்கு. போருக்குப் போகும் படை மாதிரி இருந்தோம், பாதிப் படை தூங்கிக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா. குளுவாங் பக்கத்து எஸ்டேட். இரண்டு முறை இதே நாற்காலி வரை வந்து பயந்து எழுந்து ஓடியவராம். எனக்கு முன்னால் அவர் முறை.

லோஷினி வந்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "என்ன மாமா" என்று எனக்கு ஒரு தலையசைப்பு; அப்புறம் பேச்சியம்மாளிடம் குனிந்து சொன்னாள்: "அம்மா, இன்னிக்கு உங்களுக்கு நான் செய்றேன். நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன். பெரிய டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. வேணாம்னா சொல்லிடுங்க, அவரே செய்வாரு."

நாற்காலியை ஒப்புக்கொண்டுவிட்டாளா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி. ஆனால் 'வேணாம்னா' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் ஆசையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுகிற மாதிரி. எனக்குக் கேட்டது.

பேச்சியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஐயா, மாமான்னு ஒங்கள அந்தப் புள்ள கூப்பிட்டுச்சே. ஒங்க வீட்டுப் புள்ளையா? கை எப்படி?"

பத்தாயிரம் கண் செய்தவள், சுல்தானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் என்று வாய் வரை வந்துவிட்டது. லோஷினி என்னைப் பார்த்தாள். முழுங்கினேன்.

"போன மாசத்துக்கு முன்ன ஒருத்தருக்குத் தப்பாப் போச்சும்மா. பெரிய டாக்டர் சரி பண்ணாரு. இவ அவருகிட்ட தானே போய்ச் சொன்னா, என் தப்புன்னு. மறைக்கல."

நான்தான் அவள் படிப்பை முடித்து வைத்துவிட்டேனோ?

பேச்சியம்மாள் லோஷினி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு என்னாச்சு?"

"கால எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்கலம்மா."

"இன்னிக்கு எடுப்பியா?"

தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். "எடுப்பேன்மா."

"அப்ப வா. இன்னும் உக்காந்திருந்தா எனக்குப் பயம் கூடிரும்."

கதவு மூடிக்கொண்டது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மருந்து விட்ட கண் கதவை இரண்டாகக் காட்டியது. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு தாதி வேகமாக வெளியே வந்தாள், எனக்கு உயிர் போனது. பேனா எடுக்க வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் அளந்த அத்தனை புளுகையும் திரும்பக் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பை மட்டும் முழுசாக இருக்கட்டும் என்று ஏதோ வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று தெரியாது.

கதவு திறந்தது. பேச்சியம்மாள் சக்கர நாற்காலியில் வந்தார், கண் மேல் கண்ணாடி மூடி. என்னைக் கடக்கும்போது, "அது கால மிதிக்க மிதிக்க அந்த மெஷினு பாட்டு பாடுதுய்யா" என்றார், அவ்வளவுதான்.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். லோஷினி வெளியே போகப் புறப்பட்டாள், சட்டம் சட்டம்தானே. பெரிய நாற்காலிக்குக் கீழே பெடல் இருந்தது. பக்கத்தில் அவளுடைய ரப்பர் செருப்பு, கழற்றிப் போட்டபடி. வெறுங்காலில் செய்திருக்கிறாள். நானும் பேருந்தை வெறுங்காலில்தான் ஓட்டினேன். அழுத்தம் அப்போதுதான் தெரியும். இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

"லோஷினி, செருப்பு" என்றார் தயானந்தன். அவள் ஓடி வந்து மாட்டிக்கொண்டு போனாள்.

இன்று காலை கட்டுப் பிரித்தார்கள். பேச்சியம்மாளுக்கும் பிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று லோஷினி கேட்க, அவர் மணியைச் சொன்னதோடு, "கடிகாரத்துல ஒட்டடை இருக்கு, யாரும் தொடைக்கறதில்லையா?" என்றும் கேட்டார். லோஷினி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

என் சட்டை வெள்ளையாம். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஐஸ்கிரீம் டப்பா குளிர்பெட்டியில் மறுபடியும் கீழ்த்தட்டில். திறக்கவில்லை. இடக்கண்ணிலும் கொஞ்சம் மங்கல் இருக்கிறது என்று காலையில் நானே சொல்லிவிட்டேன். பலகையெல்லாம் வேண்டாம் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீ கோரெங். இடக்கையில் குச்சி. பாதி மீ மேசைத் துணியில். இந்த முறை ஒவ்வொரு இழையும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, கறையும்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் வலது கால் தரையில் இருந்தது. அழுத்தியது, நிறுத்தியது, எடுத்தது.

திறந்த வாயில் மீயைப் போட்டுக்கொண்டேன்.