இரண்டு நாள் பாஸ்டனுக்குப் பதினொரு பக்கம்

வெர்மான்ட்
அக்டோபர் 6, திங்கள்

அன்புள்ள மகன் ரெமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாற்பத்திரண்டு மாடுகளும் நலம், நாய்க்கு மட்டும் காதில் சின்னதாகப் புண், மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் மருமகள் டாலியாவும் சுகமாக இருப்பீர்கள், அவளுக்கு வந்த இருமல் இந்நேரம் நின்றிருக்கும், நிற்காவிட்டால் வெந்நீரில் தேன் விட்டுக் குடிக்கச் சொல். ஃபோனில் சொல்லவேண்டியதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோன் என்றால் என் வாயில் சுலபமாகப் பொய் வந்துவிடுகிறது, இது உனக்கே தெரியும். எழுதும்போது கொஞ்சம் வெட்கமாவது இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை நீ முதல்முதலாகக் கேப்டனாக நின்று துறைமுகப் படகை ஓட்டப்போகிறாய், அதில் நான் ஏற வேண்டும் என்று கூப்பிட்டாய். சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்புகிற பயணம், இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போய்விட்டு வருகிறார்கள். அதற்கு உன் அம்மா மூன்று வாரமாகத் திட்டம் போடுகிறாள். நூலகத்தில் இருக்கிற பெண் பாஸ்டன் வரைபடத்தை அச்சடித்துக் கொடுத்தாள். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து உன் படகுத்துறை வரை எத்தனை திருப்பம் என்று பென்சிலால் எண்ணினேன், பத்தொன்பது, அதில் ஒன்று பூமிக்கு அடியில் சுரங்கத்துக்குள்ளே இருக்கிறது. சுரங்கத்துக்குள் போவதே பெரிய விஷயம், அங்கே போய் வலது பக்கம் வேறு திரும்ப வேண்டுமாம். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அங்கே வண்டி நிறுத்துவதற்குப் பழகலாம் என முடிவுசெய்து, கொல்லையில் இரண்டு பெரிய புல்கட்டுகளை இடம் விட்டு வைத்து நடுவில் நம் பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக நுழைத்துப் பார்த்தேன். முதல் தடவை பின்னால் இருந்த கட்டு சாய்ந்தது, இரண்டாம் தடவை முன்னால் இருந்தது சாய்ந்தது, மூன்றாம் தடவை வேலிக்கம்பம். அந்த நேரம் பார்த்துத்தானா பெர்னிஸ் வரவேண்டும். பக்கத்துப் பண்ணை பெர்னிஸை உனக்கு ஞாபகம் இருக்கும், தன் மாடுகளை நாலு வருஷம் முன்பு விற்றுவிட்டாள், இப்போது யாராவது வெளியூர் போனால் அவர்கள் பண்ணைக்குப் போய்க் கறந்து கொடுக்கிறாள். அவள் வேலியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏடி ஒடெட், இங்க சாய்ஞ்சது வெறும் புல்லு, அங்க சாயப்போறது யாரோட காரோ, பேசாம பஸ்ல போ என்றாள். ஆகவே பஸ்ஸில் வருகிறேன்.

அடுத்தது மாடுகள். நான் இல்லாத இரண்டு நாளும் பெர்னிஸ்தான் கறப்பாள் என்று பேசியிருந்ததால், அவளுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் என்று ஆரம்பித்தது பதினொரு பக்கம் ஆகிவிட்டது. முதல் பக்கம் முழுக்கக் கிளெமென்டைன் மட்டும்தான். அவள் யாரைக் கண்டாலும் உதைப்பாள், இடது பக்கமாக வரவேண்டும், வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், மடியைத் துடைக்கிற துணி சூடாக இருக்க வேண்டும், என் குரல் கேட்காமல் அவள் பாலை விடமாட்டாள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அறுபத்தாறு வயது வரை சொந்த மாடு வைத்துக் கறந்தவளுக்கு மாடு கறப்பது எப்படி என்று பதினொரு பக்கம். பெர்னிஸ் அரைப் பக்கம் படித்தாள், மடித்தாள், பால் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை இப்போது ஆடவில்லை, அந்த வகையில் என் எழுத்தால் ஒரு பயன் உண்டு.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு முறை ஒத்திகை பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். நான் பண்ணையிலேயே இருக்கக் கூடாதாம். சரியென்று தலையாட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே மேட்டுச் சாலையில் போய் நிறுத்தி, நரியைப் பார்க்க உன் அப்பா வாங்கிய தூரக்கண்ணாடியில் நம் தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் ரெமி, என் சொந்தத் தொழுவத்தை நானே வேவு பார்த்தேன். மாடுகள் கத்தும், கிளெமென்டைன் பெர்னிஸைச் சுவரோடு சேர்த்து உதைப்பாள், அவள் வெளியே ஓடிவருவாள், நான் ஓடிப்போய்க் காப்பாற்றுவேன் என்று இன்ஜினைக்கூட அணைக்காமல் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மாடும் கத்தவில்லை. இடையில் அந்த வழியே வந்த காரை நிறுத்தி யாரோ, வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று வேறு கேட்டார்கள். திரும்பிப் போய்ப் பால் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்தால், வழக்கமாக நான் சாயங்காலம் கறக்கிற அளவைவிட நாற்பது பவுண்டு அதிகம். நம்பாமல் கோலைத் துடைத்து இன்னொரு தடவை விட்டேன், அதே அளவு. கிளெமென்டைன் அசைபோட்டபடி படுத்திருந்தாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி என்று கேட்டதற்கு பெர்னிஸ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீ திட்டிக்கிட்டே கறக்குற. நான் ரேடியோ போட்டேன், அவ்ளோதான். ஒடெட், உன் மாடு ஒண்ணும் உன்னைத் தேடலடி. நீதான் அதுங்களைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற."

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் கிளெமென்டைனோடு பேசவில்லை. அவளுக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

சிரித்துவிட்டாய் என்றால் சரி, இப்போது சொல்லவந்ததைச் சொல்கிறேன். ஆறு வருஷம் முன்பு நீ கப்பல் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கியபோது நான் வரவில்லை. பியோனி கன்று ஈனப்போகிறாள், விட்டுவிட்டு வரமுடியாது என்று ஃபோனில் சொன்னேன், நீயும் சரிம்மா, பாத்துக்கோ என்றாய். ரெமி, பியோனி வியாழக்கிழமை மத்தியானமே ஈன்றுவிட்டாள். உனக்குப் பட்டம் கொடுத்தது சனிக்கிழமை. அன்று காலை நீலக் கவுனை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, வண்டியில் ஏறி, சாவியைப் போட்டு, முற்றத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கிப்போய்க் கவுனை மாற்றிவிட்டுச் சாணம் அள்ளினேன். அங்கே எல்லாப் பெற்றோரும் நல்ல உடுப்பில் இருப்பார்கள், நீ வெள்ளைச் சீருடையில் நிற்பாய், எனக்குக் கைகுலுக்க நீட்டுவதற்கு இந்தக் கைதான் இருக்கிறது, எவ்வளவு சோப்புப் போட்டாலும் தொழுவத்து வாசம் போகாது, நீ சங்கடப்பட்டு அதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பாயே என்று பயந்தேன். நீ சங்கடப்படுகிற பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் பயந்தேன். இன்னொன்றும் உண்டு. தொழுவத்தில் நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஒரு நினைப்பு. உன் ஊரில் நான் யாருக்கும் தேவையில்லை, உனக்கும் தேவையில்லை, நீ நன்றாகவே இருக்கிறாய், அதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பின் நீ கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு மாட்டைக் காட்டித் தப்பித்தேன். அந்த மாடுகளுக்கு வாய் இருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருக்கும். மூன்றரை மணி நேரத் தூரத்தில் கடல் இருக்கிறது, அறுபத்தொரு வயதில் நான் இன்னும் கடலைப் பார்க்கவில்லை என்றால் அதற்கு மாடுகளா காரணம்.

போன மாதம் நீ பேசியபோது கடைசியில் ஒன்று சொன்னாய். "வந்தா வா மா. வராட்டியும் பரவாயில்ல, பழகிடுச்சு." நீ கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம், பழகிப்போனதற்கு என்ன செய்வது. இந்தத் தடவையும் வராமல் போனால் நீ இனிமேல் கூப்பிடமாட்டாய் என்று தோன்றிவிட்டது. நீ அப்படிச் சொல்லவில்லை, என் காதில் அப்படித்தான் விழுந்தது.

சனி காலை கறவையை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன், பெர்னிஸ் சம்மதிக்கவில்லை, நீ உள்ள போனா வெளிய வரமாட்ட என்றாள். அதனால் அன்று விடிகாலை நாலு மணிக்கு அவள் வந்ததும் தொழுவத்துக் கதவு எனக்குச் சாத்தப்படும். பஸ் பத்தேகாலுக்கு உங்கள் ஊர் வந்து சேரும். குளிருக்குப் போடுகிற என் கோட்டை வினிகரில் அலசி மூன்று நாளாகக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன், ஆனாலும் நாய் அதன் கீழேயே படுத்துக்கிடக்கிறது, இதற்கு மேல் என்னால் முடியாது, டாலியாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. நாலு பாட்டில் மேப்பிள் பாகு, ஒரு பெரிய செடார் சீஸ் கட்டி, ஊறவைத்த பீட்ரூட், உறைய வைத்த மாட்டிறைச்சி ஒரு பெட்டி நிறைய எடுத்து வருகிறேன், பாஸ்டனில் கடையே கிடையாது என்று நினைத்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரிக்காதே, வெறுங்கையோடு வர எனக்குத் தெரியாது. அக்டோபரில் பஸ்ஸில் வருகிற உன் அம்மா டயருக்குப் போடுகிற பனிச்சங்கிலியையும் எடுத்து வைத்திருந்தாள், அதை மட்டும் நேற்று வெளியே எடுத்துவிட்டேன். படகில் வாந்தி வராமலிருக்க பெர்னிஸ் இஞ்சி பிஸ்கட் கொடுத்திருக்கிறாள். நான் ஏரியில் மீன்பிடிக்கிற படகிலேயே நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறவள், அதனால் ஜன்னல் ஓரம் என்றெல்லாம் இடம் பிடித்து வைக்க வேண்டாம். நீ படகை ஓட்டும்போது என்னைப் பார்த்துக் கையசைக்காதே, முன்னால் பார்த்து ஓட்டு. நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், எனக்கு அது போதும். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, புதுத் தொப்பி இறுக்கமாக இருந்தால் சொல்லி மாற்றி வாங்கிக்கொள்.

அன்னை மரியாள் உன்னையும் டாலியாவையும் உன் படகில் ஏறுகிற எல்லோரையும் கரை சேர்க்கட்டும். மறக்காமல் ஒன்று செய். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், மேசைக் காலுக்கு அடியிலிருந்து உருவியது, ஒரு பக்கம் கிளெமென்டைன் புராணம், அதைப் படிக்காதே. பின்பக்கத்தில் நாற்பத்திரண்டு மாடுகளின் பெயரையும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நான் ஃபோன் செய்வேன், என்னை எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. அதிலுள்ள எந்தப் பெயரை நான் சொன்னாலும் பதில் பேசாமல் ஃபோனை வைத்துவிட்டு, சனிக்கிழமை பத்தேகாலுக்குப் பஸ் நிலையத்துக்கு வந்து நில். நான் இறங்குவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஒடெட்