குவியல் கடை டிராகன்

எல்கடுவ,
2006 ஜூன் 18

மாதாவின் காவலில் இருக்கிற என் தெரேசாவுக்கு,

இடுப்பு வளைந்தாலும் வாய் வளையாத உன் புருஷன் இஞ்ஞாசி எழுதுகிறேன். நானும் மகள் கொறற்றியும் நல்ல சுகம். பெய்ரூட்டில் மேடம் வீட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ராத்திரி செபத்தில் கேட்கிறோம். எழுத்துப் பிழை இருந்தால் மூன்றாம் வகுப்போடு என்னை விரட்டிய வாத்தியாரைத் திட்டு.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. மாத்தளை பஸ் நிலையத்தில் ஆமிக்காரன் பிரிக்கச் சொன்னான். பிரித்தால் விரல் உயரத்துக்கு வாளும் வேலுமாக ஒரு படையே கிடக்கிறது. கொறற்றிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சிங்களத்தில், மாத்தயா, இவங்க பெயின்ட் அடிச்சாத்தான் சண்டைக்குப் போவாங்க என்றேன். அவன் கொம்பு வைத்த ஒருத்தனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்க சார்ஜன் மாதிரியே இருக்கான் என்று சொல்லிச் சிரித்தான், விட்டுவிட்டான்.

தேயிலை பெக்டரி மாடியிலிருந்து விழுந்த பிறகு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனைக் கேலி பண்ணுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது. மேடத்தின் மகன் குப்பையில் போட்ட பொம்மைகளை நீ முதலில் அனுப்பினாய், இப்போது பெயின்ட் அடிக்கிற இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜைனுதீன் நானா தன் ஹார்ட்வெயார் கடையில் தகரப் பேணி அடியில் மிஞ்சுகிற பெயின்ட்டைச் சும்மா தருகிறார். தூரிகை, கொறற்றியின் முடி நுனி. பக்கத்து காம்பராவில் குடியிருக்கிற சவரியம்மா அக்கா, பேயை வீட்டில் வைக்கலாமா என்று கொம்பன் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டாள். பெயின்ட் காயவில்லை. அவனுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பேய் ஓடவில்லை, அழகுதான் ஓடியது.

மலிவாக எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். ஈயத்தில் வார்த்தது வேண்டாம், பாரம், விலையும் ஏறும். பிளாஸ்டிக் போதும். மெல்லிசு வேல் பிடித்தவனை எடுக்காதே, தபாலில் முறிந்து கட்டையோடு வந்து நிற்பான். சட்டை மடிப்பு ஆழமாக இருக்கிறதா என்று பார். மடிப்புக்குள் கறுப்பு தானாக இறங்கிக்கொள்ளும், என் போன்ற கைக்கு அது உதவி. வேறு யாரோ அப்பிய பெயின்ட் இருந்தாலும் பரவாயில்லை. டெட்டோலில் ஊறவிட்டு பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் உரிந்து போகும். இறக்கை உடைந்திருந்தால் இன்னும் விலை குறைத்துக் கேள். பற்பசை டியூப்பை வெட்டி நான் இறக்கை செய்துகொள்வேன்.

அந்தப் பெரிய டிராகன் விஷயம். வீட்டுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் ஆனை விலை, ஊருக்குத் தெற்கே குவியல் கடையில் பழையது மலிவு என்று எழுதியிருந்தாய். கண்ணாடிக் கடையில் வாங்கினால் உன்னை வீட்டுக்குள் ஏற்றமாட்டேன். தெற்குப் பக்கமே போ. ஜூலை இரண்டாம் கிழமை மேடம் வீட்டார் மலைக்குப் போவார்கள் என்றாயே, அந்த வாரம் பஸ் ஏறு. அவசரப்படாதே. குவியலின் அடிவரை கிளறிப் பார்த்து வாங்கு.

டிராகனையும் உன்னையும் ஒரே மாதிரிக் காத்திருக்கிற,
இஞ்ஞாசி

எல்கடுவ,
2006 ஜூலை 20

தெரேசா,

டிராகன் வேண்டாம். மற்றதை எல்லாம் பிறகு படி. தெற்குப் பக்கம் போகாதே.

லெபனானுக்குக் கடிதம் எடுப்பதில்லை என்று தபால் கந்தோரில் திருப்பிவிட்டார்கள். அங்கே சண்டை தொடங்கி ஏர்போட்டிலேயே குண்டு போட்டுவிட்டார்களாம். கேட்டுவிட்டு வந்தும் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கை என்ன செய்யும்?

ஜைனுதீன் நானா கடை டிவியில் காட்டினார்கள். தெற்குப் பக்கம்தான். கட்டடம் எல்லாம் தட்டு தட்டாகச் சரிந்து கிடக்கிறது. கடைப் பலகை ஒன்று தெரிந்தது. நானா ஓதப் படித்தவர், அந்த அரபு எழுத்து தெரியும். வாசியுங்க நானா, வாசியுங்க என்று பிடித்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். அர்த்தம் தெரியலயே மச்சான் என்று சொல்லிவிட்டு அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன். பொம்மைக் கடை என்று எழுதியிருந்தால் ஒரு பொம்மையாவது விழுந்து கிடக்காதா என்றேன். ஒன்றும் கிடக்கவில்லை, தெரேசா. நன்றாகப் பார்த்தேன்.

மேடம் வீட்டு நம்பருக்கு நானா தினமும் போன் போட்டுத் தருகிறார். மணி அடிக்கிறது. யாரும் எடுப்பதில்லை. போனைத் தொட்டால் மேடம் ஏசுவாள் என்று ஒருமுறை எழுதினாய். அதனால்தான் எடுக்காமல் பக்கத்திலேயே நிற்கிறாயா? அவள் ஏசினால் ஏசட்டும். எடுத்து ஒன்றும் பேசாமல் வைத்துவிடு. நீ மூச்சு விடுகிற சத்தம் எனக்குத் தெரியும், இருபது வருஷம் அந்தக் குறட்டையோடு படுத்தவன்.

கொறற்றியிடம், அம்மா மேடத்தோடு மலையில் குளுகுளு என்று இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரிச் சோற்றைப் பிசைகிறாள்.

இஞ்ஞாசி

எல்கடுவ,
2006 ஆகஸ்ட் 2

கோயிலில் இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிற சிஸ்டருக்கும், அங்கே ஒதுங்கியிருக்கிற நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும்,

என் பெயர் இஞ்ஞாசி. பெய்ரூட்டில் ஒரு கோயிலில் நம் ஆட்கள் நிறையப் பேர் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள் என்று எங்கள் பங்குச் சுவாமி சொன்னார். பெயர்ப் பட்டியல் எடுக்க முடியாத நெருக்கடியாம். கடிதம் எழுதிக் கொடு, பேக்ஸில் அனுப்பலாம், எல்லாருக்கும் கேட்க சத்தமாக வாசிப்பார்கள் என்றார். அதனால் புருஷன் பெண்சாதி இரகசியம் எதுவும் இதில் இல்லை. காதைத் தீட்ட வேண்டாம் தங்கச்சிமாரே.

முதலில் நீங்கள் எல்லாரும் சாப்பிட்டீர்களா?

என் மனைவி பெயர் தெரேசா. கோயில் என்றால் நாலு தெரேசா எழும்புவார்கள், தெரியும். என்னுடையவள் கறுப்பு, கட்டை. சிரித்தால் வாயைப் பொத்துவாள், முன்பல் ஒன்று கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். நாற்பது வயதுக்காரப் புருஷனுக்குப் பொம்மை அனுப்பினவள் என்று கேட்டால் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். (நாற்பத்தெட்டு. சிஸ்டர், கோயிலுக்குள் பொய் வாசிக்க வேண்டாம்.)

அவளைத் தெற்குப் பக்கத்துக் கடைத்தெருவில் யாராவது பார்த்தீர்களா? கையில் துணிப்பை இருக்கும். பைக்குள் பிளாஸ்டிக் டிராகன் ஒன்று இருக்கும், இறக்கை உடைந்தது. உடைந்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னது நான். மலிவாக இருக்கும் என்று அந்தப் பக்கம் போகச் சொன்னதும் நான். பார்த்திருந்தால், எந்த இடம், எந்த நாள் என்று மட்டும் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

தெரேசா, நீ அங்கே இருந்தால் கேள். பையோடு ஓட முடியாவிட்டால் டிராகனை வீசிவிடு. இங்கே ஜன்னலில் உன் படை நிற்கிறது. எல்லாருக்கும் சட்டை போட்டுவிட்டேன், கண் மட்டும் வைக்கவில்லை. தூரிகையைத் தூக்கினால் என் கண் வாசலுக்குப் போகிறது. வைத்தால் எல்லாரும் மாறுகண்ணாகிவிடுவார்கள், நீ வந்து என்னைக் கேலி பண்ணுவாய். வந்து பண்ணு. ஆயுசுக்கும் பண்ணு, வாயே திறக்கமாட்டேன்.

உனக்குக் கூட்டத்தில் எழும்ப வெட்கம். நம் கோயிலிலும் கடைசி வாங்குப் பலகையில் தூணுக்குப் பின்னால்தான் இருப்பாய். சிஸ்டர், தயவுசெய்து வாசிப்பதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

கையைத் தூக்கு, தெரேசா.

மாதா உங்கள் எல்லாரையும் வீடு சேர்க்கட்டும்.

எல்கடுவ லயத்திலிருந்து,
இஞ்ஞாசி, கொறற்றி