பருத்திக்கு வந்து பையனுக்குக் கை தூக்கியவர்கள்

அனுப்புநர்:
த. இந்துமதி,
பனியன் தையல் கூடம்,
அவிநாசிபாளையம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மனித மரபணுத் திருத்த விதிமுறைக் கருத்துக்கேட்புக் குழு,
சென்னை.

பொருள்: திருப்பூர்க் கூட்டத்தில் மக்கள் தெரிவித்த கருத்தை அறிக்கையில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் பரணிக்குத் தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்றித்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். மரபணுவைத் திருத்தி இந்நோயைத் தீர்க்கும் சிகிச்சை வெளிநாடுகளில் வந்துவிட்டது. இங்கே அதற்கு என்ன விதி வைக்கலாம் என்று தங்கள் குழு மக்களிடம் கேட்டபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

2. தங்கள் அறிவிப்பில் 'மரபணுத் திருத்தம்' என்று மட்டும் இருந்தது. 'மனித' என்ற சொல் விட்டுப்போயிருந்தது. பருத்தி விதையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் குண்டடம் பக்கத்து விவசாயிகள் வேன் வேனாக வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் வராவிட்டால் அன்று நாற்காலிகள்தான் கருத்துச் சொல்லியிருக்கும்.

3. விஷயம் மனிதனைப் பற்றியது, பருத்திக்கு வந்தவர்கள் போகலாம் என்று மேடையில் அறிவித்தார்கள். ஒருவரும் எழவில்லை. டீக்காகத்தான் இருந்தார்கள் என்று தங்கள் அலுவலர் கூறியதாகக் கேள்விப்பட்டேன். டீ தீர்ந்து நெடுநேரம் ஆன பிறகும் இருந்தார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மருத்துவர் விளக்கினார். நான் பரணியைப் பற்றிச் சொன்னேன். கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நோய் தீர்க்கும் சிகிச்சையை அரசின் கண்காணிப்பில் அனுமதிக்க வேண்டும், அரசு மருத்துவமனையிலும் தர வேண்டும், கருவிலேயே நிறமும் உயரமும் பார்த்துத் திருத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று கடைசியில் மண்டபமே கை தூக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4. ஆனால் வரைவு அறிக்கையில், 'வந்தவர்கள் தவறான புரிதலில் வந்தமையால் கருத்து ஏதும் பதிவாகவில்லை' என்றுள்ளது. இதைக் கேட்ட குண்டடம் விவசாயி பூவாத்தாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பருத்தீன்னு நெனச்சு வந்தது நெசந்தானுங்க. ஆனா கை தூக்குனது அந்தப் பையனுக்குன்னு தெரிஞ்சுதானுங்க."

5. அவரும் அன்று உடனிருந்தவர்களும் 'மனிதனைப் பற்றியது என்று அறிந்தே கை தூக்கினேன்' எனத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டதை இணைத்துள்ளேன். கட்டு கொஞ்சம் கனமாக இருக்கும்; பொறுத்தருள்க. பரணிக்குப் பத்து வயதுதான், அவன் கையொப்பம் செல்லாதாம். அவனுக்காக ஒரு வட்டாரமே கையொப்பமிட்டிருக்கிறது.

மரபணுவைத் திருத்துவது பற்றி அரசு நிதானமாக முடிவு செய்யட்டும். அதற்கு முன் தங்கள் அறிக்கையைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.

இடம்: அவிநாசிபாளையம்
நாள்: 14.07.2025

கை தூக்கியவர்கள் சார்பில்,
(ஒப்பம்)
த. இந்துமதி