அக்கா, உன் இடத்தில் ஒரு சீட்டு மெஷின் உட்கார்ந்திருக்கிறது

என் சீட்டுக்கட்டின் ராணியே, என் அக்காவே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை இந்த மலையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று நம் எஸ்டேட் பிள்ளையார்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். பிள்ளையாரே நம்பமாட்டார். அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் நீ கேட்கவேண்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தபோது செய்வாயே, அந்த மாதிரி வாயைக் கோணிக்கொண்டு "ம்ம், சொல்லு" என்றாவது சொல்லவேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போனதிலிருந்து பனிமூட்டத்தைக் கேட்பாரில்லை. போன வாரம் வாசலுக்கு வழி கிடைக்காமல் பாராங் கத்தியை எடுத்து வெட்டித்தான் வெளியே வந்தேன். வெட்டிய துண்டுகளை வீட்டுக்குப் பின்னால் விறகு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேன். என் பாக்கியம் அதற்கு நடுவில்தான் மீன் வைக்கிறாள், ஐஸ்பெட்டிக்குக் கரண்டு மிச்சம். உன் மகள் சுமதி இன்னும் கியா பார்ம் சந்தையில் அதே கடையில்தான் நிற்கிறாள். இந்த வருஷம் ஸ்ட்ராபெரி நல்ல காய்ப்பு. ஒன்றைத் தூக்கிக் காரில் வைக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது.

நீ சிரிக்கிறாய். இரு, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுபோயிருந்தது, அக்கா. கூட இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: என் அக்கா வீட்டில் ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கையோடு ரம்மி. அக்கா, அத்தான், நான், என் வீட்டுக்காரி பாக்கியம், கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் செபஸ்டியன், ஆக அஞ்சு பேர். பந்தயம் கச்சாங், வறுத்த கடலை. சட்டம் போட்டது அக்கா: தோற்றவர் சீட்டைக் கலைக்கவேண்டும், அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் கட்டை வெட்டவேண்டும். துரையே வந்து உட்கார்ந்தாலும் இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறுகிறவளும் நீ ஒருத்திதான். அத்தான் தோற்றால், அவர் தோற்காத நாள் எது, அவர் கை நீளும் முன்னே கட்டைப் பறித்துக்கொள்வாய். "நீங்க கலைச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும். குடுங்க இங்க." மத்தியானம் ரெண்டு மணிக்கு இதைச் சொல்வாய். உன் கையில் சீட்டு மழை மாதிரி சடசடவென்று விழும். நான் உடனே ஆரம்பிப்பேன்: சீட்டுக் கள்ளி, ஜோக்கரை எங்கே சொருகினே என்று. நீயும் பதிலுக்கு என் கச்சாங்கில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாய். ஒரு நாளாவது இல்லையென்று சொன்னாயா?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரம் கழித்து, எல்லாரும் சேர்ந்து மறுபடி மேசையைப் போட்டோம். அத்தானுக்காகத்தான் போட்டோம். அவர் வரவில்லை. "எனக்கு இப்பல்லாம் சீட்டு புடிக்கல. நீங்க ஆடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்படி பெஞ்சில் போய் ரேடியோவை வைத்துக்கொண்டார். நாங்களும் கட்டைப் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் வந்த சத்தம் கேட்டதுமே பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் நடந்துவிட்டார். துக்கம் என்று நினைத்தோம், விட்டுப் பிடிக்கலாம் என்றோம். ஆனால் அவர் எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை, கோயில் பக்கமும் போகவில்லை. ஒரு முழு மனிதர் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. எனக்கு. புலியைக் காதைப் பிடித்துத் திருகி ரோம்பின் காட்டுக்கு அனுப்பிவைத்தவனுக்கு.

சுமதிதான் ஒரு நாள் சொன்னாள். "மாமா, அப்பா ஏன் டீயை அரை கிளாஸ்தான் ஊத்தச் சொல்றாரு தெரியுமா? முழுசா ஊத்துனா சிந்திரும். கை நிக்க மாட்டேங்குது. அம்மா இருந்தப்ப அவரு முறையையும் அம்மாவே கலைச்சிருவாங்கல்ல. இப்ப யாரு கலைப்பா?"

பழைய ஞாயிறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

எத்தனை வருஷம் அக்கா? உன்னைக் கள்ளி என்று அத்தனை பேர் கூப்பிட்டும் நீ கச்சாங் தின்றுகொண்டிருந்தது இதற்காகத்தானா? எங்களிடம் சொல்லக்கூடாதென்று அவர் கேட்டுக்கொண்டாரா, இல்லை நீங்கள் இரண்டு பேருமே அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லையா?

சரி. அழுது ஆகப்போவதென்ன. அவர் முறையை நாங்கள் கலைக்கலாம், ஆனால் நாங்கள் பறித்தால் அது இரக்கம் ஆகிவிடும், அவருக்குத் தெரிந்துவிடும். நீ பறித்தால் அது அதிகாரம். அந்த அதிகாரம் எங்கள் ஒருத்தருக்கும் இல்லை. ஆகவே அரசவை கூடியது. என் வீட்டு அடுப்படியில், மாமன்னனாகிய நான், பட்டத்தரசி பாக்கியம், மந்திரி சுமதி, சேனாதிபதி செபஸ்டியன். இனி இந்த மலையில் எந்த மனுஷக் கையும் சீட்டுக் கலைக்காது, மெஷின் கலைக்கும் என்று ஆணை பிறப்பித்தேன். எல்லாருக்கும் மெஷின் என்றால் அத்தானுக்கு மட்டும் எப்படி வலிக்கும்?

சுமதியின் போனில் உலகத்திலுள்ள அத்தனை சீட்டு மெஷினையும் பார்த்தோம். கண்ணெல்லாம் டைமன் வடிவமாகிவிட்டது. சூதாட்ட மாளிகைகளில் வைக்கும் ஒன்று இருந்தது. அதை வைத்தால் நாங்கள் வீட்டுக்கு வெளியே குடியிருக்கவேண்டும். அதைத் தள்ளினோம். பிறகு கையால் சுற்றுகிற சின்னப் பெட்டி. பேட்டரி வேண்டாம், கரண்டு வேண்டாம் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பாக்கியம் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "ஒரு கை பெட்டியப் புடிக்கணும், ஒரு கை சுத்தணும். அண்ணன் கையில குடுத்தா பெட்டியே நடந்து பிரிஞ்சாங் போயிரும்லா."

அடுத்தது பேட்டரியில் ஓடுவது. அழகாக இருந்தது, ஆனால் பட்டன் பின்பக்கத்தில், பச்சைப்பட்டாணி அளவு. செபஸ்டியன் கையை நடுங்கவைத்துக்கொண்டு மேசையிலிருந்த ஒரு பட்டாணியைத் தொட்டுக் காட்டினான். பட்டாணி ஓடிவிட்டது. அதுவும் போச்சு. கடைசியில் பேட்டரியிலேயே இன்னொன்று கிடைத்தது, அக்கா. இரண்டு பக்கமும் அகலமான வாய். கட்டை ரெண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி வைத்துவிட்டால் போதும். மேலே நீளமாக ஒரு பட்டை, அதை உள்ளங்கையால் அமுக்கினாலே ஓடும். விரல் நடுங்கினால் என்ன, உள்ளங்கை எங்கே போகப்போகிறது? கார் வாங்கும்போதுகூட நான் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

அது மலை ஏறி வந்த காட்சியை என்னவென்று சொல்வேன். முன்னே ஏழு யானை, பின்னே ஒன்பது லோரி, லெம்பா பெர்த்தாம் தோட்டக்காரர்களெல்லாம் ரோட்டோரம் வரிசையாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். செபஸ்டியன் அதை முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில் சிம்மாசனம் போட்டு இறக்கினான்.

அந்த ஞாயிறு உன் வீட்டு மேசையில், நீ உட்காரும் இடத்துக்கு நேரே அதை வைத்தோம். அத்தான் அடுப்படியில்தான் இருந்தார். இந்தமுறை ஓடவில்லை. மெஷினுக்குள் நம் பழைய கட்டை வைத்து அமுக்கினேன். இடியப்பக் குழலில் கல் மாட்டின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு சீட்டை ஒன்றாகக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. பல மாதம் தொடாமல் கிடந்த கட்டு, பனியில் ஊறி அப்பளமாவு மாதிரி ஒட்டியிருந்தது. புதுக் கட்டு வாங்கவேண்டுமென்று நாலு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். மெஷினுக்கு அத்தனை ஆராய்ச்சி செய்தவர்கள் சீட்டை மறந்துவிட்டோம்.

நான் அசருகிற ஆளா? சீட்டையெல்லாம் எடுத்து ரைஸ்குக்கர் மூடிமேல் பரப்பினேன். சோறு வேகிற சூட்டில் காய்ந்துவிடும் என்று கணக்கு. ஆவி பட்டதும் ராஜா ராணி எல்லாம் குரோப்போக் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டார்கள்.

ரேடியோ நின்றது.

"என்னடா பண்றே அங்க?"

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தளத்தில் வேலை பார்த்தே ஓய்வு பெற்ற மனிதர், அக்கா. அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மூடிமேல் கிடந்தது சீட்டில்லை, ஒரு நாள் கொழுந்து முழுக்க வெந்துபோன மாதிரி பார்த்தார். "சூட்டுல விரட்டுனா வெந்துதான் போகும். காத்துலல்ல வாடணும்" என்று சொல்லி, பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டை எடுத்துவரச் சொன்னார். அதன்மேல் சீட்டை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பவைத்து, அடியில் மேசைக் காத்தாடியை மல்லாக்கப் போட்டார். அவர் சொல்லச் சொல்லச் சுமதிதான் அடுக்கினாள். அவர் கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. நடுவில் ஒருதரம் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார், பழக்கதோஷம். நாங்கள் டீ குடித்து முடிக்கும்போது சீட்டு பதமாக வாடியிருந்தது.

வாட்டியாயிற்று. அவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போகவேண்டும். போகவில்லை. மெஷினைப் பார்த்தபடி நின்றார்.

"இது யாருக்கு வாங்குனது மச்சான்?"

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒரு பொய்க்காகச் செய்த ஒத்திகை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "செபஸ்டியனுக்காக அத்தான். அவன் கை சுத்தமில்ல. சீட்டை மாத்துறான்."

செபஸ்டியன், கோயில் உண்டியல் பக்கம் போனால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவன், தலையைத் தொங்கப்போட்டான். "ஆமாண்ணே. பழகிப்போச்சு. என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அத்தான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "களவாணி எவனாச்சும் இத்தன வருசமா என்னோட சேந்து தோத்துக்கிட்டே இருப்பானா?"

அவர் என்னைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார், மேலே இருந்த அந்த நீளப் பட்டையைப் பார்த்தார். தெரிந்துவிட்டது, அக்கா. எல்லாம் தெரிந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "போடு" என்றார்.

முதல் ஆட்டத்தில் தோற்றது யார் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? கலைக்கும் முறை அவருக்கு. நாங்கள் பார்க்காமலிருக்கப் பட்ட பாடு இருக்கிறதே! பாக்கியம் கூரையில் ஒட்டடை எண்ணினாள். நான் மேசைக்கடியில் விழாத கச்சாங்கைத் தேடினேன். செபஸ்டியன் ஜெபம் செய்தான். அவர் கட்டைப் பிரித்தார். சில சீட்டு கீழே விழுந்தது. எடுக்கப்போன சுமதியை நான் மேசைக்கடியில் காலால் மிதித்தேன். அவரே குனிந்து எடுத்தார், இரண்டு பக்கமும் வைத்தார், உள்ளங்கையால் அமுக்கினார்.

அக்கா, அந்தச் சத்தம்! தேயிலைச் செடியெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கம்போங் ராஜாவில் முட்டைக்கோசு இலையை இறுக்கி மூடிக்கொண்டது. சீட்டு பறந்த வேகத்தில் மலையிலிருந்த பனியெல்லாம் கிளந்தான் பக்கம் ஒதுங்கி, ஒரு மணி நேரம் கடல் தெரிந்தது. சத்தம் அடங்கியதும் கட்டு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. வலப்பக்கத்திலிருந்த நான் சட்டப்படி வெட்டினேன்.

இனி உண்மை. பனியை நான் வெட்டவில்லை, புலி என்னைப் பார்த்ததே இல்லை, ஸ்ட்ராபெரியை ஒரு ஆளே தூக்கலாம். யானையும் வரவில்லை, கடலும் தெரியவில்லை. மெஷின் ஒரு பிஸ்கட் டின் அளவுதான், சத்தமும் கோப்பி அரைக்கிற சத்தம்தான். நான் சொன்னதில் முக்கால்வாசியைக் கழித்துவிடு, எப்போதும் கழிப்பாயே.

ஆனால் கழிக்கக்கூடாத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அந்த மெஷின் பாதியில் கொஞ்சம் திணறி மெதுவாக ஓடியபோது, அத்தான் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடியே, உன் இடத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீ கலைச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும் புள்ள." சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போனபிறகு முதல் தடவையாக. அது மட்டும் சத்தியமாக நடந்தது.

நீ நிம்மதியாக இரு, அக்கா. பேட்டரி தீராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் முறை வரும்போது எத்தனை சீட்டு கீழே விழுந்தாலும் எடுத்துக்கொடுக்க என் கை நீளாது. இது வாக்கு. என் பொய்களில் சேராதது.

நீ கழித்தும் நம்பியும் வளர்த்த,
உன் புளுகுத் தம்பி